வலி மேலே ஏறட்டும்

ஏப்ரலில் விடைத்தாள் திருத்தும் முகாம் முடிந்த மறுநாள் காலை, கழுத்து திரும்பவில்லை. சுளுக்கு என்றுதான் நினைத்தேன். அம்மா வழக்கம்போல என் தலையணையை எடுத்துக்கொண்டு போய் மொட்டைமாடி வெயிலில் போட்டார். எத்தனையோ முறை இரண்டு நாளில் சரியாகியிருக்கிறது. இந்த முறை மூன்றாம் நாள் வலி கழுத்தை விட்டுக் கீழே இறங்கியது. வலது தோள்பட்டைக்குள் ஒரு கடுப்பு, அங்கிருந்து கையின் பின்பக்கமாக முழங்கை, அப்புறம் முன்கை, கடைசியில் நடுவிரல். விரல் நுனி மரத்துப்போய், எதைத் தொட்டாலும் நடுவில் ஒரு துணி இருப்பதுபோல இருந்தது.

கழுத்தில் வலி குறைந்துவிட்டதே என்று அப்போது சந்தோஷப்பட்டேன். அந்தச் சந்தோஷம் தப்பு. அது ஏன் தப்பு என்று சொல்லத்தான் முக்கியமாக இதை எழுதுகிறேன்.

அந்த வாரமே இன்னொரு தப்பும் நடந்தது. முடிவெட்டப் போன இடத்தில், பழக்கதோஷத்தில் தலையைப் பிடித்துப் படக்கென்று நெட்டி முறித்துவிட்டார்கள். வேண்டாம் என்று நானும் சொல்லவில்லை. அன்றிரவு கை முழுக்க ஷாக் அடித்த மாதிரி சுரீர் சுரீர் என்று இழுத்தது. படுக்க முடியவில்லை. வலது கையைத் தூக்கித் தலைமேல் வைத்தால் மட்டும் கொஞ்சம் விட்டது. அப்படியே கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து விடியவைத்தேன். கழுத்து வலி இருக்கும்போது யார் கையிலும் தலையைக் கொடுக்காதீர்கள்.

எலும்பு மருத்துவர் கேட்ட முதல் கேள்வியே, “கையைத் தலைமேல வச்சா வலி குறையுதா?” என்பதுதான். அப்படி வைக்கும்போது நரம்பின் இழுவை தளர்கிறதாம். பிறகு இரண்டு கையையும் மடக்கச் சொல்லி, தன் உள்ளங்கையைத் தள்ளச் சொன்னார். இடது கை தள்ளியது. வலது கை பாதியிலேயே தொய்ந்துவிட்டது. எம்.ஆர்.ஐ.யில் ஆறாவது, ஏழாவது கழுத்தெலும்புகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க் பின்பக்கமாகப் பிதுங்கியிருந்தது. நாம் ‘ஜவ்வு விலகிவிட்டது’ என்போமே, அதுதான். ஜவ்வு எங்கும் விலகுவதில்லை. வெளியே கெட்டியான நார் வளையம், உள்ளே நுங்கு மாதிரி வழவழப்பு. வளையம் விரிசல் விட்ட பக்கம் உள்ளே இருப்பது பிதுங்கி, அந்த வழியாகப் போகும் நரம்பை உரசுகிறது. அந்த இடத்து நரம்பு போவது மேற்கையின் பின்பக்கத் தசைக்கும் நடுவிரலுக்கும். என் வலி போட்ட கோடு அப்படியே பாடப்புத்தகப் படம்.

அறுவைச் சிகிச்சை இப்போது தேவையில்லை, பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தணிந்துவிடும், பிதுங்கியதும் பல பேருக்குத் தானாகவே சுருங்கும் என்றார். ஆனால் சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறினால், நடை தள்ளாடினால், சிறுநீர், மலம் கட்டுப்பாட்டில் கோளாறு வந்தால், கை பலம் நாளுக்கு நாள் குறைந்தால், உடற்பயிற்சி என்று வீட்டில் உட்கார்ந்திருக்கக் கூடாது, அன்றே வர வேண்டும். மனைவியிடமும் தனியாக ஒருமுறை சொன்னார். இதைப் படிப்பவர்களும் முதலில் அந்தப் பரிசோதனையை முடித்துவிட்டுத்தான் மற்றதைத் தொடங்க வேண்டும்.

பிசியோதெரபிக்கு மொத்தம் நான்கு முறைதான் போனேன். மீதி எல்லாம் வீட்டில் நானே செய்தது. அங்கே இருந்த இளம்பெண் முதல் நாளே சொன்னார்: “சார், வலி கூடுதா குறையுதான்னு பார்க்காதீங்க. எங்க இருக்குன்னு பாருங்க.” விரலில் இருந்த வலி முழங்கைக்கு ஏறினால் நல்லது, தோளுக்கு ஏறினால் இன்னும் நல்லது. கழுத்தில் வலி முன்பைவிடக் கூடினாலும் கையை விட்டுவிட்டதென்றால் சரியான பாதை. கீழே இறங்கினால் அந்தப் பயிற்சியை உடனே நிறுத்த வேண்டும். நியூசிலாந்து பிசியோதெரபிஸ்ட் ராபின் மெக்கன்சி வகுத்த முறை இது. 1956இல் அவரிடம் வந்த ஒரு முதுகுவலிக்காரர், தலைப்பக்கம் உயர்த்தியிருந்த கட்டிலில் தவறுதலாகக் குப்புறப் படுத்துவிட்டாராம். முதுகு பின்னால் வளைந்தபடி ஐந்து நிமிடம் கிடந்ததில், வாரக்கணக்கில் போகாத கால் வலி போய்விட்டது. அங்கிருந்துதான் அவர் யோசிக்கத் தொடங்கினார்.

நான் கணக்கு வாத்தியார். ஒரு நோட்டில் நடுவிரலுக்கு 5, முன்கைக்கு 4, முழங்கைக்கு 3, தோளுக்கு 2, கழுத்துக்கு 1 என்று எண் கொடுத்து, வலி கீழே எதுவரை இறங்கியிருக்கிறதோ அந்த எண்ணைத் தினமும் மூன்று வேளை எழுதினேன். அந்த எண்தான் எனக்கு வழிகாட்டி.

பயிற்சி பார்க்க ஒன்றுமே இல்லாததுபோல இருக்கும். தாளிக்கும்போது எண்ணெய் தெறித்தால் முகத்தை வெடுக்கென்று பின்னுக்கு இழுப்போமே, அதே அசைவை மெதுவாகச் செய்ய வேண்டும். மோவாய் மேலேயும் போகக் கூடாது, கீழேயும் போகக் கூடாது, நேராகப் பின்னால் போக வேண்டும். உட்கார்ந்து செய்தபோது முதல் வாரம் எனக்கு 4 உடனே 5 ஆனது. அதனால் மெல்லிய தலையணையில் மல்லாந்து படுத்து, பின்மண்டையால் தலையணையை அழுத்தினேன். ஒரு தடவைக்குப் பத்து முறை, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. காலையிலும் மாலையிலும் அரை மணி நேரம் செய்துவிட்டு நாள் முழுக்கக் குனிந்திருந்தால் பயனில்லை. கொஞ்சமாகவும் அடிக்கடியும் செய்வதில்தான் எல்லாம் இருக்கிறது.

எட்டாம் நாள் மதியம் நோட்டில் முதன்முறையாக 3 எழுதினேன். ஆனால் கழுத்து விண் விண்ணென்று தெறித்தது. மனைவி பயந்துவிட்டார். எனக்கோ அன்றுதான் நம்பிக்கை வந்தது.

பிறகு உட்கார்ந்து செய்ய முடிந்தது. மூன்றாம் வாரத்துக்கு மேல், மோவாயைப் பின்னிழுத்த நிலையிலேயே தலையை மெதுவாக மேல்நோக்கிச் சாய்ப்பதைச் சேர்த்தேன். அதைத் தொடக்கத்திலேயே செய்திருந்தால் வலி விரலுக்குப் போயிருக்கும். தூக்கத்துக்கு, ஒரு துண்டைச் சுருட்டித் தலையணை உறைக்குள் கழுத்து வரும் இடத்தில் வைத்தேன். குப்புறப் படுப்பதை விட்டேன். நரம்பு மாத்திரையால் காலையில் கிறுகிறுப்பு இருந்தது. மருத்துவரைக் கேட்டுத்தான் அளவைக் குறைத்தேன்.

ஜூனில் பள்ளி திறந்தது. இரண்டு பாடவேளைக்கு ஒருமுறை, மணி அடித்ததும் நின்ற இடத்தில் பத்து. ஆசிரியர் அறையில் யாரும் கவனிக்கவே இல்லை. நோட்டில் 2, 1, 2, 1 என்று வந்துகொண்டிருந்தது.

ஜூலையில் இடைப்பருவத் தேர்வுத் தாள்கள் வந்தன. உடம்பு தேறிவிட்டது என்ற தைரியத்தில், தாள்கட்டைத் தரையில் வைத்துக் குனிந்தபடி மூன்று மணி நேரம் திருத்தினேன். எழுந்தபோது விரலில் சுரீர். அன்று நோட்டில் 5 எழுதியபோது கண் கலங்கியது. இரண்டு மாத உழைப்பு போயிற்று என்று நினைத்தேன். ஆனால் வழி தெரிந்திருந்தது. மறுபடி படுத்தபடி அழுத்துவதிலிருந்து தொடங்கினேன். முதல் முறை மூன்று வாரம் ஆனது, இந்த முறை ஐந்தே நாளில் 2க்கு வந்தது. அதன்பிறகு மகள் பயன்படுத்தாமல் வைத்திருந்த சாய்வுப் பலகையை மேசைமேல் போட்டுத்தான் தாள் திருத்துகிறேன். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்துவிடுகிறேன்.

பலம் திரும்புவது தனிக் கதை. ஒரு கிலோ துவரம்பருப்புப் பொட்டலத்தைத் தலைக்குப் பின்னால் பிடித்து மேலே தூக்குவதை அளவுகோலாக வைத்திருந்தேன். மே மாதம் இடது கை பன்னிரண்டு, வலது கை நான்கு. வலி தோளுக்கு மேலே நிலைத்த பிறகுதான் பலப் பயிற்சி செய்யச் சொன்னார் பிசியோதெரபிஸ்ட்: சுவரைத் தள்ளுவது, தோள்பட்டைகளைப் பின்னால் சேர்ப்பது, உள்ளங்கையை நெற்றியில் வைத்துத் தலை அசையாமல் ஐந்து விநாடி அழுத்துவது. நரம்பு மிகவும் நிதானமாகத்தான் தேறுகிறது, வலி போன பிறகும் மரப்பு இருந்தது. அக்டோபரில் ஒருநாள் கரும்பலகையின் மேல் ஓரத்தில் முக்கோணம் வரைந்துகொண்டிருந்தபோது, நடுவிரல் நுனியில் சாக்பீஸின் சொரசொரப்பு தெரிந்தது. வகுப்பைப் பார்க்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நின்றேன்.

இப்போது வலது கை பதினொன்று. நோட்டில் வாரம் ஒருமுறைதான் எழுதுகிறேன், பெரும்பாலும் பூஜ்யம். பேருந்து வேகத்தடையில் குதித்த நாட்களில் 1. மணி அடித்தால் பத்து மட்டும் இன்னும் நிற்கவில்லை.