புழுதிக்கு அப்புறம் உப்புத் தண்ணீர்

பர்னிங் மேன் என்ற பாலைவனத் திருவிழா முடிந்த கையோடு வீட்டுக்குப் போகாதீர்கள் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். வீட்டுக்குள் காலடி வைத்ததும் துணி துவைப்பது, வண்டி கழுவுவது, ஆபீஸ் மெயில் என்று எல்லாம் ஒரேயடியாக வந்து விழும். உடம்பு தேறவே நேரம் கிடைக்காது. சரி, வேறு எங்கே போவது? நிறையப் பேர் திரும்பும் வழியில் இருக்கும் ரீனோ நகரத்தில் ஒரு அறை எடுத்து, திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்துவிடுவார்கள். எங்கள் கூட்டத்தில் ஐந்து பேர் சேர்ந்து, சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் சாஸலிட்டோவில், கேப்டனோடு ஒரு பாய்மரப் படகை வாடகைக்குப் பேசியிருந்தோம்.

இந்தத் திருவிழா நடக்கும் நெவாடாவின் பிளாக் ராக் பாலைவனம், லஹோன்டன் என்ற ஆதி ஏரி வற்றிப்போன படுகை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,190 மீட்டர் உயரம். ஆகஸ்ட் கடைசியில் அங்கே எழுபதாயிரம் பேருக்கு மேல் வசிக்கும் ஒரு நகரம் முளைக்கும், செப்டம்பர் முதல் திங்களன்று வரும் லேபர் டே விடுமுறை கழிந்ததும் காணாமல் போய்விடும். ஐஸ் தவிர வேறெதுவும் அங்கே விலைக்குக் கிடைக்காது. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை காலன் தண்ணீர் என்று கணக்குப் போட்டு நாமே சுமந்து போக வேண்டும். பகலில் மண்டை காயும், ராத்திரி ஜாக்கெட் இல்லாமல் நிற்க முடியாது. பாட்டு விடியும்வரை ஓயாது.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ஆளைச் சாய்ப்பது புழுதிதான். பிளாயா என்று சொல்லப்படும் அந்த வறண்ட ஏரிப்படுகையின் மண் மாவைவிட நைசாக இருக்கும், அதில் காரத்தன்மை அதிகம். தோலிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும். வெறும் காலோடு நடந்தால் குதிகால் வெடித்து எரியும். வினிகரைத் தண்ணீரில் கலந்து காலைக் கழுவுவது அங்கே பல் தேய்ப்பதற்குச் சமமான அன்றாடக் கடமை. கடைசி நாட்களில் மூக்கைச் சிந்தினாலே ரத்தக் கீற்று வரும், உதடு சிரித்தால் பிளக்கும். எதிரில் இருப்பது தெரியாத அளவுக்குப் புழுதிக்காற்று அடிக்கும்போது, முகமூடியும் கண்ணாடியும் மாட்டிக்கொண்டு இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

சனிக்கிழமை ராத்திரி, திருவிழாவுக்குப் பெயர் தந்த பெரிய மர மனித உருவத்தை எரிப்பார்கள். ஞாயிறு ராத்திரி, டெம்பிள் என்ற மரக் கோயிலை. அதோடு கொண்டாட்டம் முடியும், கூலி வேலை ஆரம்பிக்கும். கூடாரத்தைப் பிரித்து, கம்பிகளைப் பிடுங்கி, முகாம் இருந்த இடத்தில் குனிந்தபடியே நடந்து சிந்திய ஜிகினா, நூல், பிஸ்தா ஓடு வரை பொறுக்க வேண்டும். தடயம் எதையும் விட்டுவரக் கூடாது என்பது அங்கே எழுதிவைத்த கொள்கை. அப்புறம் எக்ஸோடஸ், அதாவது வெளியேறும் வரிசை. வண்டிகளை மொத்தமாக நிறுத்தி, இன்ஜினை அணைக்கச் சொல்லி, ஒரு மணி நேரம் கழித்துக் கொஞ்ச தூரம் விடுவார்கள். மறுபடி நிறுத்துவார்கள். கெர்லாக் என்ற சின்ன ஊரைத் தாண்டி 447-ஆம் நெடுஞ்சாலையில் ஏறியபோது வண்டிக்குள் யாருக்கும் பேச்சே வரவில்லை.

படகுக்கு வருகிறேன். எதை எடுப்பது என்பதில் எங்களுக்குள் ஒரு சண்டையே நடந்தது. ஒருவருக்கு இரண்டு தளமும் பாரும் ஸ்பீக்கரும் உள்ள மோட்டார் யாட் வேண்டுமாம். "மறுபடி ஸ்பீக்கரா? நான் ரீனோவிலேயே படுத்துக்கறேன்" என்றாள் கவிதா. அதோடு விஷயம் முடிந்தது. நாற்பது அடிப் பாய்மரப் படகே போதும் என்று ஆனது. இப்படிச் சின்னப் படகுகளில், கடலோரக் காவல்படையின் உரிமம் பெற்ற கேப்டன் ஓட்டினால், கட்டணம் செலுத்தும் பயணிகள் ஆறு பேர் வரை போகலாம் என்பது அமெரிக்கச் சட்டம். ஐந்து பேருக்கு அது கச்சிதம்.

கேப்டன் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "பிளாயாவுக்குப் போன பை எதுவும் என் படகில் ஏறக் கூடாது." முந்தைய வருடம் யாரோ கொண்டுவந்த தூசி, பாய்க்கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்சுக்குள் போய்க் கரகரத்ததாம். ஒரு மோட்டலில் தூங்கி எழுந்து, மூன்று முறை தலைக்குக் குளித்து, கடையில் வாங்கிய புது டிஷர்ட்டோடு போய் நின்றோம். அப்படியும் காதுக்குப் பின்னால் வெள்ளைக் கோடு இருந்தது. அவர் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

துறையை விட்டு வெளியே வந்ததும் முகத்தில் அடித்தது அந்தக் காற்று. குளிர்ந்த, பிசுபிசுத்த, உப்புக் கரிக்கும் காற்று. கலிபோர்னியாவின் மத்தியப் பள்ளத்தாக்கு வெயிலில் சூடேறி, அங்கே காற்று மேலெழும்பும்போது, அந்த இடத்தை நிரப்பக் கடல்காற்று கோல்டன் கேட் இடுக்கு வழியாகப் பாய்ந்து உள்ளே வரும். முந்தைய நாள் அந்தப் பள்ளத்தாக்கில் இருக்கும் சேக்ரமெண்டோ பக்கம் நாங்கள் ஏசியை முழுசாகத் திருப்பி வைத்துக்கொண்டு திட்டித் தீர்த்த வெயில்தான் இப்போது எங்கள் பாயைப் புடைக்க வைத்துக்கொண்டிருந்தது. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. ஒருவர் எழுந்து கயிற்றைப் பிடிக்கப் போனார். கேப்டன் கையைக் காட்டி உட்கார வைத்தார்.

அங்கேதான் எனக்கு உடம்பு இளகியது. பாலைவனத்தில் எல்லோரும் எப்போதும் எதையாவது செய்துகொண்டிருப்பார்கள். சமைப்பார்கள், கட்டுவார்கள், தண்ணீர் ஊற்றிக் கொடுப்பார்கள், பக்கத்துக் கூடாரம் பறந்தால் ஓடிப்போய்ப் பிடிப்பார்கள். அதுதான் அந்த ஊரின் அழகு, அதுதான் அசதியும். இங்கே எனக்கு ஒரு வேலையும் இல்லை. அதற்காகத்தான் காசு கொடுத்திருந்தோம். காசே புழங்காத ஊரிலிருந்து வந்து முதல் பெரிய செலவாக இதைச் செய்தது கொஞ்சம் உறுத்தத்தான் செய்தது. உறுத்தலோடுதான் காலை நீட்டினேன்.

கடல் வற்றும் நேரம் என்பதால் நீரோட்டமே எங்களைக் கோல்டன் கேட் பாலத்துக்கு அடியில் இழுத்துக்கொண்டு போனது. 67 மீட்டர் உயரத்தில் வண்டிகள் ஓடும் இரைச்சல் ஒரு ரீங்காரமாக மட்டும் கேட்டது. வெளியே வந்ததும் தெற்குப் பக்கம் ஒரு மணல் திட்டைக் கேப்டன் காட்டினார். பேக்கர் பீச். 1986-இல் லாரி ஹார்வியும் ஜெர்ரி ஜேம்ஸும் சுமார் எட்டடி மர உருவத்தைக் கொளுத்தியது அங்கேதான். 1990-இல் பூங்கா போலீஸ் எரிக்கக் கூடாது என்று தடுக்கவே, பெரிதாக வளர்ந்திருந்த அந்த உருவத்தைத் தூக்கிக்கொண்டு நெவாடாவுக்குப் போனார்கள். இத்தனை புழுதிக்கும் ஆரம்பம் இந்த ஈரக் கடற்கரை! கவிதா எழுந்து நின்று கும்பிட்டாள். கிண்டலா பக்தியா என்று நாங்கள் கேட்கவில்லை.

திரும்பி வரும்போது கூழைக்கடாக்கள் வரிசையாகத் தண்ணீரை உரசிக்கொண்டு பறந்தன. பாலத்தருகே கருத்த சின்ன முதுகுகள் இரண்டு மூன்று முறை மேலே வந்து மறைந்தன. போர்பாய்ஸ், டால்பின் போன்ற சின்னக் கடல் பிராணிகள். பல பத்தாண்டுகளாக இந்த விரிகுடாவில் காணாமல் போயிருந்து, 2000-களின் பிற்பகுதியில் திரும்பி வந்தவை.

ராத்திரிக்கு விரிகுடாவுக்குள் இருக்கும் ஏஞ்சல் தீவின் அயாலா கோவ் என்ற சின்னக் குடாவில் தங்கினோம். குறுக்கே ஓடும் நீரோட்டம் பலமாக இருப்பதால் அங்கே முன்னும் பின்னுமாக இரண்டு மிதவைகளில் படகைக் கட்டுகிறார்கள். தீவு காற்றை மறைத்துக்கொள்ள, சட்டென்று எல்லாம் அடங்கியது. 1891 முதல் இந்தக் கரையில் ஒரு தனிமைப்படுத்தும் நிலையம் இருந்தது. வெளிநாட்டுக் கப்பல்களில் வந்தவர்களை நிறுத்தி, சாமான்களைப் புகைபோட்டுக் கிருமி நீக்குவார்களாம். கேப்டன் இதைச் சொல்லிக்கொண்டே என் காதுப் பக்கம் பார்த்தது தற்செயலா என்று தெரியவில்லை.

தக்காளி சூப்பும் ரொட்டியும் கொடுத்தார். எட்டு மணிக்கெல்லாம் படுத்துவிட்டேன். நடுவில் ஒரு தடவை விழித்தபோது, மூச்சு இரண்டு மூக்கிலும் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. காலையில் உதட்டைத் தொட்டுப் பார்த்தேன், காய்ந்த தோல் மெத்தென்று ஊறியிருந்தது. குதிகாலுக்கு மட்டும் இன்னும் சில நாள் தேவைப்படும்.

சாஸலிட்டோவில் இறங்கும்போது டிப்ஸை ரொக்கமாகக் கொடுத்தோம். பை எதுவும் ஏறவில்லை, ஆனால் பர்ஸ் ஏறியிருந்ததே! அவர் நோட்டுகளை வாங்கி, படகுக்கு வெளியே கையை நீட்டி, கம்பியில் நாலு தட்டுத் தட்டிவிட்டுத்தான் பாக்கெட்டில் வைத்தார். "அடுத்த வருஷம் கார்டு கொண்டு வாங்க" என்றார்.