குழாய்த் தண்ணீர்
தங்கை டொரண்டோவில் இருக்கிறாள். நேற்று வீடியோ காலில் பேசிக்கொண்டே சமையலறைக் குழாயைத் திறந்து, டம்ளரில் பிடித்து அப்படியே குடித்தாள். காய்ச்சவில்லை, வடிகட்டவில்லை. அங்கே கழிப்பறைத் தொட்டிக்கும் அதே குடிநீர்தான். ஒரு தடவை அழுத்தினால் 6 லிட்டர் போகும். இங்கே வாணியம்பாடியில் அது கிட்டத்தட்ட அரைக் குடம்!

எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது, பருப்பு வேகாது. வாயில் வைத்தால் உப்பு. குடிக்க, சமைக்க எல்லாம் கேன்தான். இந்தப் பக்கத்துத் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவு பாலாற்றைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 1996இல். அப்புறம் எத்தனை வருஷம் ஓடிவிட்டது! நினைத்தாலே வயிறு எரிகிறது.

அவளும் இந்தக் கிணற்றடியில் வளர்ந்தவள்தான். பேச்சு மும்முரத்தில் குழாயை மூடவே இல்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

“முதல்ல அந்தக் குழாயை மூடும்மா” என்றேன்.