மாமன் மகளைக் கோயிலில் கட்ட: ஆயரிடம் விலக்கு வாங்கும் வழி

அத்தை மகனும் மாமன் மகளும் ஊருக்கு முறை. கத்தோலிக்கத் திருச்சபைக்கு அது தடை. ஆயர் விலக்குத் தராமல் தாலி கட்டினால் திருமணமே செல்லாது. மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் பங்குச்சாமியாரைப் பாருங்கள். கையில் மூன்று மாதமாவது இருக்கட்டும்.

'தூரத்துச் சொந்தம்' என்று மழுப்பாதீர்கள். வெள்ளைத்தாளில் பொதுவான தாத்தா பாட்டியை உச்சியில் எழுதி, இரண்டு கிளையாகக் கீழே இறங்குங்கள். உச்சியில் இருப்பவர்களை விட்டுவிட்டு மற்றவர்களை எண்ண வேண்டும். ஒரு பக்கம் அம்மா, மகன். மறுபக்கம் மாமா, அவர் மகள். நான்கு பேர், நான்காம் படி. தடை அதுவரைதான். மாமாவின் பேத்தி ஐந்தாம் படி, விலக்குத் தேவையில்லை. அக்காள் மகள் மூன்றாம் படி. அதற்கு விலக்குக் கேட்கச் சொல்லும் காரணம் இன்னும் வலுவாக இருக்க வேண்டும். இரண்டு வழியில் சொந்தமா? இரண்டையும் வரையுங்கள், தடை இரட்டிக்காது.

குழப்பம் பழைய பதிவேட்டில்தான் வரும். பெற்றோருக்கும் இதே சொந்தம் என்றால், அவர்கள் பதிவில் 'இரண்டாம் படி' என்றிருக்கும். 1983 நவம்பர் 27-இல் புதிய திருச்சபைச் சட்டம் நடைமுறைக்கு வரும்வரை ஒரு கிளையை மட்டுமே எண்ணினார்கள். அந்தக் கணக்கில் தடை மூன்றாம் படி வரை போனது: ஒருவரின் பாட்டியும் மற்றவரின் தாத்தாவும் உடன்பிறந்தவர்கள் என்றால்கூட விலக்கு வேண்டும். அதற்கும் முன்னால் ஏழு படி வரை இருந்த தடையை, 1215-இல் ஆயர்கள் கூடிய நான்காம் லாத்தரன் சங்கம் நான்காகக் குறைத்தது.

விண்ணப்பத்தை ஆயர் இல்லத்துக்கு அனுப்புபவர் பங்குத்தந்தை. கிளைப்படம், இருவரும் கையெழுத்திட்ட காரணக் கடிதம், ஆறு மாதத்துக்குள் எடுத்த ஞானஸ்நானச் சான்றிதழ் எல்லாம் சேர்த்துக் கொடுங்கள். சிறுவயதில் வாங்கி பீரோவில் வைத்த சான்றிதழ் உதவாது. முன்பே திருமணம் ஆகியிருந்தால் அது ஞானஸ்நானப் பதிவேட்டின் ஓரக் குறிப்பில் ஏறும், புதிதாக எடுத்த சான்றிதழில்தான் தெரியும்.

பெண்ணையும் பையனையும் சாமியார் தனித்தனியே விசாரிப்பார். தொட்டிலிலேயே பேசி வைத்த வீடுகளில் இதைச் சடங்காக நினைக்கிறார்கள். அப்படி விடவே கூடாது. விலக்கு சொந்தத் தடையை மட்டுமே நீக்கும். பயந்து சொன்ன 'சம்மதம்' விலக்கு இருந்தாலும் செல்லாது. மனமில்லாத பெண் அந்த அறையில் வாய்விட்டுச் சொல்லிவிடலாம்.

பிறகு 1563-இல் திரிதெந்து சங்கம் விதித்த வழக்கப்படி மூன்று முறை ஓலை, அதாவது திருமண அறிவிப்பு, கோயிலில் வாசிப்பார்கள். கல்யாணத்தன்று பதிவேட்டில் கையெழுத்திடும்போது, விலக்குக் கடிதத்தின் எண்ணும் தேதியும் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.