வழியில் கிடைக்கும் மரம்

பிப்ரவரி 4

லேத்தில் மரத்தைச் சுழலவிட்டு உளியால் கிண்ணம் கடைகிற கடைசல்காரன் நான். மரம் தேடி வெளியூருக்கு நாளைக் காலை கிளம்ப வேண்டும். துணிமணி சீக்கிரம் முடிந்துவிட்டது, உளிகளுக்குத்தான் நேரம் பிடித்தது. கிண்ணம் குடையும் உளி ஒன்று, துண்டு அறுக்கும் ஒல்லி உளி ஒன்று, சுரண்டி ஒன்று. வாய்ப் பகுதிக்குத் தோல் உறை மாட்டிச் சட்டைகளுக்கு நடுவே சுருட்டி வைத்திருக்கிறேன். விமானத்தில் இவை கைப்பையில் போகக் கூடாது, உள்ளே அனுப்பும் பெட்டியில்தான் போக வேண்டும்.

லேத்தின் தண்டில் திருகி மாட்டி மரத்தைக் கவ்வும் 'சக்' என்ற பிடியை எடுத்துப்போவதா வேண்டாமா என்று கொஞ்ச நேரம் யோசனை. ஊருக்கு ஊர் லேத் தண்டின் திருகு மரை வேறு. ஐரோப்பாவில், பிரிட்டனில் பெரும்பாலும் 33 மில்லிமீட்டர் தண்டு, மரைக்கு மரை 3.5 மில்லிமீட்டர் இடைவெளி. அமெரிக்காவில் சின்ன லேத்துக்கு ஒரு அங்குலம், பெரியதற்கு ஒன்றேகால் அங்குலம், இரண்டிலும் அங்குலத்துக்கு 8 மரை. ஆஸ்திரேலியாவில் 30 மில்லிமீட்டர் நிறைய புழங்குகிறது. அதனால் முன்பின் தெரியாத கடைசல்காரரிடம் நான் முதலில் கேட்பது "உங்கள் லேத்தில் மரை என்ன அளவு?" என்பதுதான். நலம் விசாரிப்பெல்லாம் அப்புறம். இந்த முறை போகிற இடத்தில் நம் அளவுதான் என்று பதில் வந்துவிட்டது. சக் பெட்டிக்குள் போயிற்று, எடையும் ஏறிற்று.

பிப்ரவரி 7

முதல் மர மில். வாசலில் நின்று "கடைசலுக்கு மரம் வேண்டும்" என்றால் நேர் பலகையைக் காட்டுகிறார்கள். அவர்கள் மேல் தப்பில்லை, வருகிறவர்கள் எல்லோருக்கும் வேண்டியது பலகைதான். எனக்கு வேண்டியது அவர்கள் பின்பக்கம் குவித்துப்போட்டு விறகாகத் தள்ளிவிடுவது: கிளை பிரியும் கவட்டை, அடிமரத்துப் புடைப்பு, பலகைக்கு நீளம் போதாத முண்டு. பேசிப் புரியவைப்பதைவிட போனில் ஒரு கிண்ணத்தின் படத்தைக் காட்டுவது மேல். படத்தைப் பார்த்ததும் ரம்பம் ஓட்டுகிறவரே கையைத் துடைத்துக்கொண்டு பின்பக்கம் கூட்டிப் போனார்.

அவர் காட்டிய முதல் ஓக் முண்டின் வெட்டுமுகத்தில் கருநீலக் கறை இருந்தது. வேண்டாம் என்றேன். ஓக் போலத் துவர்ப்புச் சத்து நிறைந்த மரத்தில் இரும்பு கிடந்தால் இப்படித்தான் கறுக்கும். வேலி ஓரத்து மரமாக இருக்கும். உள்ளே ஆணியோ கம்பியோ புதைந்திருக்கிறது என்று அர்த்தம். "எப்படித் தெரியும்?" என்று கேட்டு, தன் உலோகம் கண்டறியும் கருவியை வைத்துப் பார்த்தார். கத்தியது. அதற்குப் பிறகு குவியலில் எதை வேண்டுமானாலும் புரட்டிப் பார்க்க விட்டார்.

பிப்ரவரி 8

நேற்றிரவு காற்று. சாலையோரம் மரம் அறுத்துக்கொண்டிருந்தவர்களிடம் கேட்டதற்கு ஒரு தடித்த அரளி அடிமரத்தை நீட்டினார்கள். வடிவம் அழகுதான். தொடவில்லை. அரளியில் எல்லாப் பாகமும் விஷம், அதன் தூசியை மூச்சில் இழுத்துக்கொண்டு கடைய எனக்கு ஆசையில்லை. சாப்பாட்டுக் கிண்ணமாக்கி யாருக்காவது கொடுத்தால் அதைவிட மோசம். வேறொன்றும் கிடைக்கவில்லை.

பிப்ரவரி 10

இந்த ஊர்க் கடைசல்காரப் பெரியவர் ஒருவரின் பட்டறைக்கு இன்று போனேன். எழுபதைத் தாண்டியவர். பல மாதமாகக் கடிதப் பழக்கம், நேரில் இதுதான் முதல் முறை. கை குலுக்கிய உடனே என் உளியை உறையிலிருந்து எடுத்து, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்துவிட்டுச் சாணைக் கல்லைக் கை காட்டினார். கூர் போதாதாம்! எனக்குப் போதும் என்றுதான் தோன்றியது. ஆனால் அவர் பட்டறையில் அவர் சொல்வதுதான் சட்டம்.

பிறகு ஒரு துண்டை மாட்டி என்னைக் கடையச் சொன்னார். அவர் உளியைப் பார்க்கவே இல்லை, சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். உளியின் வாய்க்குப் பின்னாலிருக்கும் சரிவு மரத்தில் உராய்ந்தபடி வாய் சீவினால் ஒரே சீரான இழைப்புச் சத்தம் வரும். கைப்பிடி சற்று ஏறிவிட்டால் படபடவென்று அடிக்கும். அடிக்கிற இடத்தில் மட்டும் என் முழங்கையைக் கீழே அழுத்தினார்.

நான் உளியை அதிகம் தள்ளுகிறேன் என்பது அவர் கணிப்பு. அதற்கு மொராக்கோவின் மராகேஷ் சந்தையில் பார்த்ததைச் சொன்னார். அங்கே கடைசல்காரர்கள் தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் வில்லை முன்னும் பின்னும் இழுத்து மரத்தைச் சுழற்றுகிறார்கள். உளியை மறு கையும் காலின் விரல்களும் சேர்ந்து பிடிக்கின்றன. மரம் ஒரு பக்கம் சுற்றும்போதுதான் வெட்டு விழும், திரும்பிச் சுற்றும்போது உளி சும்மா தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தள்ளிக்கொண்டே இருப்பவனால் அந்த லேத்தில் ஒன்றும் செய்ய முடியாது. மோட்டார் வந்ததும் நமக்கு அந்த நிதானம் போய்விட்டது என்கிறார். பாதிதான் ஒத்துக்கொள்கிறேன். மோட்டார் இல்லாமல் இவ்வளவு பெரிய கிண்ணங்களை இவரும் கடைந்திருக்க மாட்டார்.

போகும்போது கொட்டகையைத் திறந்து காட்டினார். இரண்டு நாளாக மில்லிலும் சாலையிலும் நான் தேடியது அத்தனையும் உள்ளே இருந்தது. ஆப்பிள், செர்ரி, வால்நட். ஒவ்வொரு துண்டின் வெட்டுமுகத்திலும் மெழுகு, மெழுகின் மேல் பென்சிலில் தேதி. வெட்டுமுகம் வழியாகத்தான் ஈரம் வேகமாக ஓடும், அதை அடைக்காவிட்டால் நுனியில் வெடிப்பு விழும். மரம் வெட்டும் ஆட்களுக்கு வருடம் ஒரு கிண்ணம் கடைந்து கொடுப்பாராம். அதனால் நல்ல முண்டு எங்கே விழுந்தாலும் போன் இவருக்குத்தான் வரும். வழிப்போக்கன் எவ்வளவு அலைந்தாலும் இந்த உறவுக்கு ஈடாகாது. இனி எந்த ஊருக்குப் போனாலும் கடைசல்காரரை முதலில், மரத்தை அப்புறம்தான் தேடுவேன்.

பிப்ரவரி 11

நேற்றிரவே ஒரு செர்ரி முண்டைத் தேர்ந்து வைத்திருந்தேன். அப்படியே தூக்கிப்போகலாம் என்றதற்குப் பெரியவர் தலையாட்டவில்லை. பச்சை மரத்தின் எடையில் பாதி வரைகூடத் தண்ணீர் இருக்கும், காசு கொடுத்துத் தண்ணீரை விமானத்தில் ஏற்றுவானேன் என்றார். முழு முண்டாக விட்டால் வெடிக்கவும் செய்யும். காயும்போது மரம் வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து வெளியே போகும் திசையில் சுருங்குவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. அந்த இழுபறியில் மையம் நோக்கிப் பிளவு ஓடும்.

ஆகவே முண்டை நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தோம். நடுக் குருத்தை இரு பக்கமும் சீவி எடுத்தோம். பட்டை முழுக்கப் போயிற்று. அப்புறம் ஒவ்வொரு பாதியையும் முரட்டுக் கிண்ணமாகக் கடைந்தேன். குறுக்களவில் பத்தில் ஒரு பங்கு சுவர், அதாவது 25 சென்டிமீட்டர் கிண்ணத்துக்கு இரண்டரை சென்டிமீட்டர். காய்ந்து கோணினாலும் மறுபடி வட்டமாகக் கடைய அந்தத் தடிமன் போதும். ஈரச் சீவல் கயிறு கயிறாகத் தோளைத் தாண்டிப் பறந்தது. இந்த வேலையில் இதைவிடச் சுகமான கட்டம் எனக்குத் தெரிந்து கிடையாது. காய்ந்த மரத்தைத் தேய்த்து மெருகேற்றுவது கடமைக்குச் செய்வது.

பிப்ரவரி 14

இந்த வட்டாரத்துக் கடைசல்காரர்கள் கூடும் மாலை. ஆளாளுக்குக் கடைந்ததை நடு மேசையில் வைக்கிறார்கள், கையில் எடுத்துப் பார்க்கலாம். கிண்ணத்தை எடுத்த எல்லோரும் முதலில் தலைகீழாய்த் திருப்பி அடியைத்தான் பார்த்தார்கள். எந்த ஊரிலும் கடைசல்காரனை இதை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்.

லண்டனில் கடைசல்காரர் சங்கத்துக்கு 1604இலேயே அரச சாசனம் கிடைத்தது. அமெரிக்கச் சங்கம் 1986இல்தான் தொடங்கியது. பழைய சங்கம் தொழில் காக்க வந்தது. இன்றைய கூட்டங்களில் பெரும்பாலும் பொழுதுபோக்காகக் கடைபவர்கள், ரகசியம் என்று எதையும் வைத்துக்கொள்வதில்லை. பேனா மட்டுமே கடையும் ஒரு அம்மா ஒரு கட்டு பேனாத் துண்டுகளைக் கையில் திணித்தார். இரண்டு சென்டிமீட்டர் சதுரம், சாண் நீளம்கூட இல்லை, எல்லாம் நன்றாகக் காய்ந்தவை. பயணிக்கு இதைவிட ஏற்ற மரம் கிடையாது. பதிலுக்கு என்னிடமிருந்த அரக்குக் குச்சிகளைக் கொடுத்தேன். சுழலும் மரத்தில் அழுத்தினால் உராய்வுச் சூட்டில் அரக்கு உருகிப் படிவதைக் காட்டியதும் லேத்தைச் சுற்றி வரிசை கட்டிவிட்டார்கள். எண்ணெயும் மெழுகும் மட்டுமே பழகியவர்கள். இரவு வெகு நேரமாகிவிட்டது.

பிப்ரவரி 17

பெட்டி கட்டும் நாள். கூட்டத்தில் ஒருவர் கொடுத்த ஈட்டி மர வகைத் துண்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவருக்கு வருத்தம்தான். ஆனால் ஈட்டி அடங்கிய டால்பெர்ஜியா பேரினம் முழுவதும் 2017 முதல், அருகிவரும் உயிரினங்களின் நாடுகளுக்கிடையிலான வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் கீழ் இருக்கிறது. அனுமதித் தாள் இல்லாத முரட்டுத் துண்டோடு எல்லையில் வாதாட நான் தயாரில்லை. பட்டையோடு கிடந்த ஆஷ் முண்டும் வேண்டாம். ஆஷ் மரங்களைக் கொல்லும் பச்சை வண்டை மிச்சிகனில் 2002இல் கண்டுபிடித்தார்கள். அது தூரம் தூரமாகப் பரவியதற்கு ஜனங்கள் வண்டியில் ஏற்றிப்போன விறகும் ஒரு காரணம். பட்டைக்கு அடியில் என்ன குடியிருக்கிறது என்று பார்த்தால் தெரியாது. பச்சை மரத்துக்கு நான் இறங்கும் இடத்தில் சான்றிதழ் கேட்பார்கள், அதனால் செர்ரிக் கிண்ணங்களும் இங்கேயே.

அவற்றை அவற்றின் சீவலோடே காகிதப் பையில் போட்டு, பெரியவரின் கொட்டகையில் வைத்தாயிற்று. அவ்வப்போது தராசில் வைத்து எடையைப் பையின் மேல் எழுதுவதாகச் சொல்லியிருக்கிறார். எடை இறங்குவது நின்றதும் தகவல் வரும். காய்ந்த பிறகு அனுப்புவதா, நானே வந்து கடைந்து முடிப்பதா என்று கேட்டார். நானே வருகிறேன் என்றேன். சக் பிடியையும் அங்கேயே விட்டுவிட்டேன்.