ஒன்பது வெள்ளி ஊலாங்கோட ஆறு வாரம்

ஆறு வாரம் முன்னாடி ஆபீஸ்ல கூட வேலை பாக்குற சீன அங்கிள் ஒருத்தர் பக் குட் தேங்குற பன்றி எலும்புச் சூப் சாப்பிட கூட்டிட்டுப் போனாரு. சூப் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா மண்டைக்குள்ள உக்காந்தது அவரு குட்டி குட்டி கப்புல ஊத்திக்கிட்டே இருந்த அந்தக் கறுப்பு டீதான். பேரு கேட்டேன், ஷுய் ஷியான்னாரு, ஊலாங் டீயில ஒரு வகை. மறுநாளே சைனாடவுன் போய் 125 கிராம் டப்பா ஒண்ணு ஒன்பது வெள்ளிக்கு வாங்கிட்டேன்.

இது சீனாவுல ஃபூஜியன் மாநிலத்து வடக்குல வூயி மலைப்பக்கத்து டீ. இலைய பாதி ஆக்சிடைஸ் பண்ணி, அதாவது காத்துப் பட்டு பாதி பழுப்பாக விட்டு, வதக்கி, முறுக்கி, அப்புறம் கரி அடுப்புத் தணல்ல மணிக்கணக்கா வாட்டுவாங்க. பாறை இடுக்குல விளையுற இலைக்குத்தான் யானை விலை, அதை ட்செங்யான்னு சொல்றாங்க. ஆத்தங்கரை, சமவெளி இலையெல்லாம் மலிவு. மலிவு இலைய நல்லா கருக வாட்டிட்டா குறை வெளிய தெரியாது, என் டப்பா அந்த ஜாதிதான்னு நெனைக்கிறேன்.

முதல் தடவை நம்ம ஊரு பழக்கத்துல பெரிய மக்குல ரெண்டு ஸ்பூன் போட்டு நாலு நிமிஷம் விட்டேன். வீட்டுக்காரி ஒரு வாய் குடிச்சுட்டு "என்னங்க, அடிப்பிடிச்ச பானைய ஊற வச்ச தண்ணியா இது"ன்னா. கரெக்டாத்தான் சொன்னா.

அப்புறம் 110 மில்லி கைவான் ஒண்ணு வாங்கினேன், மூடி போட்ட சின்னக் கிண்ணம், கைப்பிடி கிடையாது. முதல் வாரம் மூணு விரலும் வெந்துச்சு, விளிம்பு வரைக்கும் தண்ணி ஊத்தினதுதான் தப்பு, கொஞ்சம் குறைச்சு ஊத்தினா விளிம்பு சுடாம இருக்கு. 5 கிராம் இலை, கொதிக்கிற தண்ணி, முதல் ஊத்தல் சும்மா அலசிக் கொட்டிட்டேன், அப்புறம் 10 செகண்ட், 10, 15, 20ன்னு ஏத்திட்டே போனேன். முதல் ரெண்டு கப்பு முழுக்க கரிவாசம். மூணாவதுல வறுத்த கடலை. நாலாவதுல வெல்லப்பாகு முத்தி வர்றப்ப அடிக்குமே அந்த வாசம், அது வந்துச்சு பாருங்க, அப்படியே நிமிந்து உக்காந்துட்டேன். குடிச்சு முடிச்சதும் தொண்டையில ஒரு இனிப்பு, நெல்லிக்கா தின்னுட்டு தண்ணி குடிச்சா வருமே அதே மாதிரி. சீனக்காரங்க அதுக்குத் தனிப் பேரே வச்சிருக்காங்க, ஹுய் கான்னு.

வூயி டீன்னா 8 கிராம் போடணும்னு நெறைய பேரு சொல்றாங்க, போட்டுப் பாத்தேன், என் டப்பாவுல பாதி உடைஞ்ச இலை, நாக்கைப் பிடிச்சு இழுத்துடுச்சு. சரி தண்ணி சூட்டைக் குறைப்போம்னு 85 டிகிரிக்கு வந்தா கசப்பும் போச்சு டீயும் போச்சு, வெறும் பழுப்புத் தண்ணி. அதனால சூட்டுல கை வைக்காம இலையையும் நேரத்தையும் மட்டும் குறைக்கிறேன்.

மூணாவது வாரம் ஒரு கூத்து. இங்க அடிக்கிற ஈரக்காத்துக்கு டீ அப்பளம் மாதிரி நமத்துப் போன மாதிரி தோணுச்சு, லேசா வாட்டி எடுப்போம்னு 10 கிராமை இரும்புச் சட்டியில போட்டு சிம்ல வச்சேன். அதுல போன ஞாயித்துக்கெழமை மிளகா வறுத்தது சுத்தமா மறந்து போச்சு. வீடே இருமிச்சு. அந்த 10 கிராம் குப்பைக்குப் போச்சு.

அதே நேரம் கொஞ்சத்தை ஒரு டப்பாவுல இறுக்கமா மூடி அலமாரியில வச்சு மறந்திருந்தேன், அஞ்சாவது வாரம் எடுத்து ஊத்தினா கரிவாசம் நல்லாவே அடங்கியிருந்துச்சு. வாட்டின டீய மாசக்கணக்குல ஆற விட்டு விக்கிறது அங்க பழக்கமாம், ஏன்னு இப்பதான் புரியுது.

நடுவுல ரோவ் குய்ங்குற இன்னொரு வூயி டீ 10 கிராம் சாம்பிள் வாங்கினேன். பேருக்கே பட்டைன்னுதான் அர்த்தம், பிரியாணிக்குப் போடுற பட்டை. வாசம் தூக்கலா இருந்துச்சு, ஆனா மூணு மடங்கு காசுக்கு மூணு மடங்கு சந்தோஷம்னு சொல்ல முடியல. வூயி டீயிலேயே ரொம்பப் பேர்போன டா ஹோங் பாவ் வாங்கலாமான்னு அங்கிள்கிட்ட கேட்டேன், சிரிச்சாரு. பாறையில நிக்கிற அந்த ஆறு தாய் மரத்துல 2006லேர்ந்து பறிக்கிறதையே நிறுத்திட்டாங்க, கடையில அந்தப் பேருல கிடைக்கிறது பெரும்பாலும் ரெண்டு மூணு வகை இலை கலந்த பிளெண்ட். அதுல நல்லதும் இருக்கு, ஆனா பேருக்காகக் காசு குடுக்காதேன்னாரு.

இப்ப டப்பா அடியில தூள்தான் மிச்சம். கைவான்ல போட்டா அடைச்சுக்குது, அதனால 5 கிராமை ஒரு லிட்டர் பச்சத் தண்ணியில போட்டு ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜ்ல வச்சு காலையில வடிகட்டுறேன். கசப்பே இல்ல. பானைத் தண்ணின்னு சொன்னவதான் பாதி பாட்டிலை ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போறா.