உயரத்தைக் குறைக்காமல் ஒரு சஸ்பென்ஷன் மாற்றம்

என்னுடைய 2013 மாடல் மாருதி ஸ்விஃப்ட் கார் (விஎக்ஸ்ஐ வகை), சென்ற ஆண்டு 92,000 கிலோமீட்டரைத் தாண்டியது. அதற்குள் மேம்பாலத்தின் ஒவ்வொரு இணைப்பிலும் முன்பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியிருந்தது. மலைப்பாதையில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் வண்டி முதலில் சாய்ந்து, ஒரு கணம் தயங்கி, பிறகுதான் திரும்பியது. கோவைக்குள் தினமும் அலுவலகம் போய்வருவதற்கும், மாதம் ஒருமுறை ஆழியாரைக் கடந்து வால்பாறையின் 40 கொண்டை ஊசி வளைவுகளை ஏறி இறங்குவதற்கும், அம்மாவைப் பின்னிருக்கையில் உட்கார வைத்து மருத்துவமனைக்கு அழைத்துப் போவதற்கும் இந்த ஒரே வண்டிதான். இந்த மூன்று வேலைக்கும் ஒத்துவரும்படி சஸ்பென்ஷனில், அதாவது வண்டியின் உடம்பைச் சக்கரங்களின் மேல் தாங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளும் அமைப்பில், எதை மாற்றுவது, எதைத் தொடாமல் விடுவது என்று மூன்று மாதம் யோசித்து எடுத்த முடிவுகளையும் அவற்றுக்கான காரணங்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதல் முடிவு, வண்டியின் உயரத்தில் கை வைக்கக் கூடாது என்பது. இதற்கு முன் வைத்திருந்த காரில் 30 மில்லிமீட்டர் தாழ்த்தும் ஸ்பிரிங்குகளைப் போட்டிருந்தேன். ஸ்பிரிங்கின் ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரை மாற்ற வேண்டியதில்லை என்று கடையில் சொன்னதை நம்பினேன். ஒரே மழைக்காலத்தில் முன் ஷாக் இரண்டிலும் எண்ணெய் கசிந்தது. ஏன் அப்படி ஆனது என்பது பிறகுதான் புரிந்தது. ஷாக்கின் தண்டு உள்ளே இறங்குவதற்கு இருக்கும் இடம் ஏற்கெனவே சொற்பம். வண்டி நிற்கும்போதே அதில் 30 மில்லிமீட்டரை நாம் தின்றுவிட்டால், சின்னப் பள்ளத்துக்கே தண்டு, பம்ப் ஸ்டாப் என்ற ரப்பர் தடுப்பில் போய் முட்டுகிறது. அதோடு, தாழ்த்தும் ஸ்பிரிங் அசலைவிட இறுக்கமானது; அது அமுங்கி மீளும்போது அதிக விசையோடு மீளும். பழைய ஸ்பிரிங்குக்கென்று அளவிட்டுச் செய்த ஷாக்கால் அந்த மீட்சியைப் பிடித்து நிறுத்த முடியாது. வளைவின் நடுவில் பம்ப் ஸ்டாப் முட்டினால் அந்தச் சக்கரத்தின் மேல் விழும் பாரம் திடீரென்று ஏறி, டயரின் பிடி விட்டுப்போகும். மெல்லிய சஸ்பென்ஷன் மாற்றம் என்று நினைத்துச் செய்த ஒன்று, வண்டியை முன்பைவிட மோசமாக்கியிருந்தது.

வேகத்தடையைப் பற்றியும் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்திய சாலைக் காங்கிரஸ் 1988இல் வெளியிட்ட ஐஆர்சி 99 வழிகாட்டியின்படி, வளைவான வேகத்தடை, வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் அகலமும் 10 சென்டிமீட்டர் உயரமும் 17 மீட்டர் ஆரமும் கொண்டிருக்க வேண்டும். அதை 25 கிலோமீட்டர் வேகத்தில் கடக்கலாம் என்பது கணக்கு. ஸ்விஃப்டின் முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் இடையே உள்ள தூரம் 2,430 மில்லிமீட்டர். அதாவது, முறைப்படி போட்ட வேகத்தடையில் நான்கு சக்கரங்களும் ஒரே நேரத்தில் மேட்டின் மேலேயே இருக்கும்; அடிவயிற்றுக்குக் கீழே மேடு எழும்பி நிற்பது ஏறத்தாழ 43 மில்லிமீட்டர் மட்டுமே. நம் தெருக்களில் இருப்பவை அப்படிப்பட்டவை அல்ல. ஒரு மீட்டர் அகலத்துக்குச் சிமென்டைக் குவித்துவிட்டுப் போயிருப்பார்கள். முன் சக்கரம் இறங்கி, பின் சக்கரம் ஏறாமல் இருக்கும் அந்த நிலையில், மேட்டின் முழு உயரமும் அடிவயிற்றுக்கு நேராக நிற்கும். ஸ்விஃப்டின் தரை இடைவெளி 170 மில்லிமீட்டர் என்பது ஆள் ஏறாத வண்டியின் அளவு. நான்கு பேர் ஏறி, டிக்கியில் பையும் வைத்த பிறகு மிஞ்சுவதில் இன்னும் 30 மில்லிமீட்டரைக் கழித்தால், 12 சென்டிமீட்டர் மேட்டைக்கூட நிம்மதியாகக் கடக்க முடியாது.

தாழ்த்தினால் வளைவில் நன்றாக நிற்கும் என்ற எண்ணத்தில் பாதி உண்மை இருக்கிறது. வண்டியின் எடை மையம் தரையிலிருந்து அரை மீட்டருக்குச் சற்று மேலே இருப்பதாகக் கொண்டால், 30 மில்லிமீட்டர் குறைத்ததில் உள் சக்கரத்திலிருந்து வெளிச் சக்கரத்துக்கு மாறும் பாரம் 5 அல்லது 6 சதவீதம் குறையும். ஆனால் ஸ்விஃப்டின் முன்பக்கம் மெக்பர்சன் ஸ்ட்ரட் வகை, அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் ஒரே தூணாக நிற்கும் வகை. அதில் வண்டியைத் தாழ்த்தத் தாழ்த்த, சக்கரத்தைக் கீழ்ப்பக்கம் வண்டியோடு இணைக்கும் லோயர் ஆர்மின் உள்முனை கீழே இறங்கி, ஆர்ம் சக்கரத்தை நோக்கி மேலேறும் சாய்வுக்கு வந்துவிடும். அப்போது வண்டி எந்தப் புள்ளியை மையமாகக் கொண்டு சாய்கிறதோ அந்தப் புள்ளி, எடை மையத்தைவிட வேகமாகக் கீழே போகும். இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் கூடும். அதனால் சாயவைக்கும் நெம்பு விசையும் கூடும். கூடிய அந்த விசையைச் சமாளிக்கவே ஸ்பிரிங்கை மேலும் இறுக்க வேண்டியிருக்கிறது. பந்தயக் காரில் ஆர்மின் கோணத்தையும் சேர்த்துத் திருத்திவிடுவார்கள். தெருவில் ஓடும் காருக்கு இந்தச் சங்கிலியைத் தொடங்காமல் இருப்பதே சரி என்று எனக்குத் தோன்றியது.

எனவே தேய்ந்துபோனதைப் பழைய நிலைக்குக் கொண்டுவருவதிலிருந்து ஆரம்பித்தேன். ‘டொக்’ சத்தத்துக்குக் காரணம், வளைவில் வண்டி சாய்வதைக் குறைக்கும் ஸ்டெபிலைசர் பாரின் இரண்டு லிங்க் ராடுகள் (இணைப்புக் கம்பிகள்). தயக்கத்துக்குப் பெரும்பங்கு காரணம் லோயர் ஆர்மின் பின் புஷ், அதாவது ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்திலுள்ள ரப்பர் உருளை. ரப்பர் சுற்றிலும் வெடித்து, கடப்பாறையை வைத்து நெம்பியபோது விரற்கடை அளவு அசைந்தது. ஆர்ம், லிங்க் ராடு, ஸ்ட்ரட்டின் மேல் மவுண்ட், அதன் பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி உறை எல்லாவற்றையும் கம்பெனிப் பாகங்களாகவே வாங்கினேன். ரப்பருக்குப் பதில் பாலியூரிதேன் என்ற கடினமான பிளாஸ்டிக்கில் செய்த புஷ் போடலாமா என்றும் யோசித்தேன். அது அவ்வளவாக அமுங்காது என்பதால் ஸ்டியரிங் கூர்மையாகும். அதே காரணத்தால் சாலையின் சொரசொரப்பு முழுவதும் உள்ளே வரும், கிரீஸ் வற்றினால் கிறீச்சிடும். பின்னிருக்கையில் முதுகுவலிக்காரர் உட்காரும் வண்டிக்கு ரப்பரே போதும்.

புஷ் மாற்றும்போது ஒன்றை நேரில் பார்த்தேன். இதை எல்லோரும் கவனிக்க வேண்டும். வண்டி லிப்ட்டில் சக்கரம் தொங்கிய நிலையில் இருந்தது. உதவிக்கு நின்ற பையன் புதிய ஆர்மின் போல்ட்டை முழுக்க முறுக்கப் போனபோது, பட்டறைக்காரர் கையைப் பிடித்து நிறுத்தினார். “இப்ப முறுக்காதப்பா, வண்டி தரையில நிக்கட்டும்” என்று சொல்லிவிட்டு, என் பக்கம் திரும்பி, “தொங்குற நிலையில முறுக்கினா ரப்பர் முறுகியே நிக்குமுங்க, ஆறு மாசத்துல கிழிஞ்சிரும்” என்று விளக்கினார். ரப்பர் புஷ் சுழல்வதில்லை. உள்ளே இருக்கும் இரும்புக் குழாயோடு ஒட்டியிருந்து முறுகிக் கொடுக்கிறது. வண்டி தன் எடையில் நிற்கும் உயரத்தில் இறுக்கினால்தான் மேலே போவதற்கும் கீழே வருவதற்கும் சம அளவு முறுகும். போல்ட்டைக் கையால் மட்டும் ஏற்றி, சக்கரங்களைச் சாய்தளத்தில் நிறுத்தி, அதன்பின் குறித்த அளவு விசைக்கு இறுக்கும் டார்க் ரென்ச்சால் அவர் இறுக்கியதைப் பார்த்தபோதுதான், புதுப் புஷ்ஷும் சீக்கிரம் போய்விடுகிறது என்று பலர் குறைப்படுவதன் காரணம் விளங்கியது.

அடுத்தது ஷாக் அப்சார்பர். செலவழித்த பணத்துக்கு முழுப் பலனும் கிடைத்த இடம் இதுதான். பானட்டை அமுக்கிப் பார்த்து ஷாக்கின் நிலையைச் சொல்லிவிட முடியாது. ஸ்ட்ரட்டுக்குள் இருக்கும் உராய்வே ஆட்டத்தை நிறுத்திவிடும். ஷாக்கின் உடம்பில் எண்ணெய் கோத்த அழுக்கு, டயரின் ஓரத்தில் மேடும் பள்ளமுமாக வரும் தேய்மானம், பிரேக் பிடித்தால் மூக்கு ஆழமாகக் குனிவது, ஒரு மேட்டைத் தாண்டிய பிறகும் வண்டியின் உடம்பு இரண்டு மூன்று முறை எழுந்தமர்வது ஆகியவை நம்பத்தகுந்த அடையாளங்கள். என் வண்டியில் நான்கும் இருந்தன.

வாங்கும்போது பார்க்க வேண்டியது, அந்த ஷாக் எந்த உயரத்துக்காகச் செய்யப்பட்டது என்பது. பில்ஸ்டைன் நிறுவனம் தன் பொருட்களைப் பிரித்திருக்கும் முறை இதைப் புரிந்துகொள்ள உதவும்: பி4 என்பது கம்பெனி ஷாக்குக்கு நேர் மாற்று, பி6 என்பது அசல் உயரத்து ஸ்பிரிங்கோடு போடும் இறுக்கமான வகை, பி8 என்பது தாழ்த்திய ஸ்பிரிங்குக்காக நீளம் குறைத்துச் செய்த வகை. எந்த நிறுவனத்துடையதாக இருந்தாலும் எனக்குத் தேவை அந்த நடுவகை. அசல் நீளத்தில், வாயு நிரப்பிய, அமுங்கும்போது ஏறத்தாழ முன்போலவும் மீளும்போது சற்றுக் கூடுதலாகவும் தடுக்கும் ஷாக்கை நான்கு சக்கரத்துக்கும் வாங்கினேன். அமுங்கும்போது தடுப்பது அதிகமானால் ஒவ்வொரு கல்லும் முதுகில் தட்டும். மீளும்போது தடுப்பது மட்டும் கூடினால் உடம்பு அலைபாயாமல் அடங்கும்; ஆனால் அதுவும் அளவு மீறினால், தொடர்ந்து வரும் பள்ளங்களில் சக்கரம் கீழே இறங்க நேரமில்லாமல் மேலேயே தங்கிவிடும்.

முன்பக்கம் மட்டும் மாற்றிவிட்டுப் பின்பக்கத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்ற யோசனையை நான் யாருக்கும் சொல்லமாட்டேன். 1930களில் ஜெனரல் மோட்டார்ஸில் வேலை செய்த மாரிஸ் ஆலி என்ற பொறியாளர், பின்பக்க ஸ்பிரிங்கின் ஆட்டம் முன்பக்கத்தைவிடச் சற்று வேகமாக இருந்தால் பயணம் சமதளமாகத் தோன்றும் என்று கண்டறிந்தார். மேட்டில் முதலில் ஏறுவது முன் சக்கரம். பின் சக்கரம் தாமதமாகத்தான் ஏறுகிறது. பின்பக்கம் வேகமாக ஆடினால் ஓரிரு ஆட்டத்துக்குள் முன்பக்கத்தை எட்டிப் பிடித்து, இரண்டும் சேர்ந்து எழுந்து சேர்ந்து அமரும். முன்பக்கத்தை மட்டும் இறுக்கினால் இந்த ஒழுங்கு குலைந்து, வண்டி குதிரைபோல முன்னும் பின்னும் தலையாட்டும். அதனால்தான் அசல் ஸ்பிரிங்குகளையும் அப்படியே வைத்துக்கொண்டேன். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு விளிம்பு வரை அளந்ததில் இடமும் வலமும் சமமாக இருந்தன, எதுவும் தொய்ந்திருக்கவில்லை.

டயரையும் சஸ்பென்ஷனின் பகுதியாகவே எண்ண வேண்டும். விஎக்ஸ்ஐயில் வந்தது 165/80 ஆர்14 (அகலம் 165 மில்லிமீட்டர், பக்கச் சுவரின் உயரம் அதில் 80 சதவீதம், ரிம் 14 அங்குலம்). அதே மாடலின் உயர் வகையான இசட்எக்ஸ்ஐக்குக் கம்பெனி தந்தது 185/65 ஆர்15. முதலாவதன் மொத்த விட்டம் 619.6 மில்லிமீட்டர், இரண்டாவதன் விட்டம் 621.5. ஸ்பீடோமீட்டர் காட்டுவதில் வித்தியாசம் வெறும் 0.3 சதவீதம். அகலம் 20 மில்லிமீட்டர் கூடுகிறது. பக்கச் சுவரின் உயரம் 132இலிருந்து 120 மில்லிமீட்டராக, அதாவது 12 மில்லிமீட்டர் மட்டுமே குறைகிறது. பள்ளத்தில் விழுந்தால் ரிம்மைக் காப்பாற்ற இது போதும். 17 அங்குல அலாய்க்குப் போனால் 205/45 டயரின் பக்கச் சுவர் 92 மில்லிமீட்டர்தான். சக்கரத்தின் எடையும் ஏறும். அந்தக் கூடுதல் எடையை அடக்க ஷாக் மேலும் பாடுபட வேண்டும்.

ஸ்டெபிலைசர் பாரைத் தடிமனாக்குவது பற்றி நண்பர்கள் பலமுறை கேட்டார்கள். இதன் இறுக்கம் விட்டத்தின் நான்காம் மடியில் ஏறும். 20 மில்லிமீட்டர் பாரை 22 ஆக்கினால் இறுக்கம் 46 சதவீதம் கூடிவிடும். முன்பக்கம் கூட்டினால், முன்சக்கர இழுவை உள்ள வண்டி வளைவில் இன்னும் வெளியே தள்ளும். பின்பக்கம் தனி பார் போட்டால் அது குறையும், மூக்கு சுறுசுறுப்பாகத் திரும்பும். ஆனால் மழையில் இறக்கத்தில் வளைவின் நடுவே ஆக்சிலரேட்டரிலிருந்து சட்டென்று காலை எடுத்தால், பின்பக்கம் வழுக்கி வெளியே வரும் வாய்ப்பும் அதனுடனேயே வருகிறது. லோம்ஸ் வியூ என்ற காட்சிமுனை இருக்கும் ஒன்பதாவது வளைவுக்கு மேல், தென்மேற்குப் பருவமழையில் பனிமூட்டமும் ஈர இலையும் மூடிக் கிடக்கும் அந்தப் பாதையை நினைத்தே இதை விட்டுவிட்டேன். பின் சக்கரங்களை இணைக்கும் டார்ஷன் பீம் என்ற குறுக்குச் சட்டம் தானே முறுகி அந்த வேலையை ஓரளவு செய்துகொண்டுதான் இருக்கிறது.

சட்டத்தையும் மனத்தில் கொள்ள வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் குறிப்பிட்டதிலிருந்து வண்டியை மாற்றியமைப்பதைக் கட்டுப்படுத்துகிறது. ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்துவது அதோடு மோதும் வேலை. வெட்டிய ஸ்பிரிங் சக்கரம் தொங்கும்போது இருக்கையிலிருந்து நழுவவும் கூடும்.

எல்லாம் முடிந்து 300 கிலோமீட்டர் ஓடி, ரப்பர்கள் அமர்ந்த பிறகு வீல் அலைன்மென்ட் செய்தேன். முன் சக்கரங்களின் டோ (மேலிருந்து பார்த்தால் சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) கொஞ்சம் வெளியே போயிருந்தது, அதைத் திருத்தியதும் ஸ்டியரிங் நேராக நின்றது. அடுத்த ஞாயிறன்று ஆழியார் சோதனைச் சாவடியைக் கடந்து ஏறினேன். வளைவுக்குள் வண்டி இன்னும் சாய்கிறது. ஆனால் ஒரே அசைவில் சாய்ந்து அங்கேயே நின்றுவிடுகிறது, ஸ்டியரிங்கை இரண்டாவது முறை திருத்த வேண்டியிருக்கவில்லை. திரும்பி வரும்போது பொள்ளாச்சி வரைக்கும் அம்மா பின்னிருக்கையில் தூங்கிக்கொண்டு வந்தார். சக்கர மையத்திலிருந்து மட்கார்டு வரையிலான நான்கு அளவுகளையும் அன்றைய தேதியோடு டேஷ்போர்டு பெட்டியிலுள்ள நோட்டில் குறித்து வைத்திருக்கிறேன். 10,000 கிலோமீட்டர் கழித்து அதே இடத்தில், அதே அளவு பெட்ரோலோடு மறுபடி அளக்கப் போகிறேன்.