எங்கள் லாரியின் நீர்மட்ட நிலவரம்

போன தை அறுவடை சமயத்தில் எங்கள் பத்துச் சக்கர லாரி, இன்ஜினைக் குளிரவைக்கும் பச்சைத் தண்ணீரான கூலன்டைத் தினமும் ஒன்றரை லிட்டர் குடிக்க ஆரம்பித்தது. குடித்தது எங்கே போகிறது என்றுதான் தெரியவில்லை. வண்டிக்கு அடியில் ஒரு சொட்டு ஈரம் கிடையாது. ஹோஸ், கிளிப், வாட்டர் பம்ப் எல்லாம் எலும்பு மாதிரி காய்ந்து கிடந்தன.

டிரைவர் அண்ணன் தினமும் காலையில் போன் செய்வார். "தம்பி, வரத்து ஒன்றரை லிட்டர், வெளியேற்றம் ஒன்றரை லிட்டர்." மேட்டூர் அணையில் 120 அடிக்கு எத்தனை அடி என்று கேட்டுவிட்டுத்தான் எங்கள் ஊரில் பல் துலக்குவார்கள். அந்தப் பழக்கம்.

ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். அம்மா திருஷ்டி என்று முடிவு செய்து பம்பரில் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கட்டினார். சித்தப்பா ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடச் சொன்னார். அது சின்ன ஓட்டையை அடைக்கும்தான். கூடவே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடும். நான் என் பங்குக்குக் கிளீனர் பையனைச் சந்தேகப்பட்டேன். கூலன்டை எடுத்து விற்கிறானோ?

ஒரு சாயங்காலம் வண்டி வந்து நின்றதும் கூலன்ட் டேங்கில் மார்க்கரால் கோடு போட்டேன். பக்கத்திலேயே கட்டிலைப் போட்டுப் படுத்தேன். ராத்திரி முழுக்கக் கொசு என்னைக் குடித்தது. காலையில் பார்த்தால் மட்டம் கோட்டுக்கு ஒரு விரல் கீழே! பையனைக் கூப்பிட்டு நான் பிடித்த பிடியில் பாதித் தெரு கூடிவிட்டது. அப்புறம்தான் டிரைவர் அண்ணன் மெதுவாகச் சொன்னார்: "சூட்டுல கோடு போட்டா, ஆறினதும் இறங்கத்தான் தம்பி செய்யும்." பையன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

ஒரு பட்டறையில் காட்டினேன். டேங்கில் குமிழி வருகிறது, இன்ஜின் தலைக்கும் உடம்புக்கும் நடுவில் கசியாமல் அடைக்கும் ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, பத்து நாள் வண்டி நிற்கணும், 40,000 ஆகும் என்றார்கள். கொள்முதல் நிலையங்களில் மூட்டை மலைமாதிரி கிடக்கும் நேரத்தில் பத்து நாளா? மன்னார்குடியில் பழைய மெக்கானிக் பாயிடம் ஓடினேன்.

பாய் முதலில் ஆயில் டிப் ஸ்டிக்கை உருவி வெளிச்சத்தில் பார்த்தார். "தண்ணி ஆயில்ல கலந்தா கும்பகோணம் காபி மாதிரி இருக்கும். இது சுத்தமா இருக்கு." இன்ஜினுக்குள் தண்ணீர் புகுந்தால் வரும் வெள்ளைப் புகையும் இல்லை. ஆறிய வண்டியில் டேங்க் வாயில் கைப்பம்பை மாட்டி ஒரு பார் பிரஷர் ஏற்றினார். முள் மயிரிழை மயிரிழையாக இறங்கியது. வெளியே சொட்டு இல்லை. "உள்ளதான் எங்கயோ போவுது. ஓட்டிப் பாருங்க, டேங்கக் கவனிங்க" என்றார். ஃபீஸ் வாங்கவில்லை, டீ மட்டும்.

மறுநாள் நானும் வண்டியில் ஏறினேன். நீடாமங்கலம் ரயில்வே கேட். நெல் ஏற்றும் கூட்ஸ் வண்டி முன்னே போகும், பின்னே வரும். நெல் ஏற்றிய நாங்கள் இந்தப் பக்கம் நின்று அதை வேடிக்கை பார்ப்போம். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. வேறு வேலை இல்லாததால் இறங்கிப் போய் டேங்கைப் பார்த்தேன். மூடியைத் தொடவில்லை, கொதிக்கும். பிளாஸ்டிக் வழியாகவே தெரிந்தது: குமிழி சரம் சரமாக வருகிறது. திடீரென்று வண்டிக்கு அடியில் 'புஸ்ஸ்' என்று சத்தம். பிரேக் காற்று நிறைந்துவிட்டால் வருமே, அதுதான். குமிழி நின்றுவிட்டது. டிரைவர் அண்ணனை நாலு தடவை பிரேக்கை மிதிக்கச் சொன்னேன். காற்று இறங்கியது. மறுபடியும் குமிழி.

பாய்க்குப் போன் செய்தேன். "பிரேக் காற்று நிக்கிற ஏர் டேங்கோட டிரெயினைத் திறந்துவிட்டுப் பாருங்க" என்றார். காற்று வெளியே போகப் போக கூலன்ட் டேங்கில் குமிழியே இல்லை. அவர் சிரித்தார். பிரேக்குக்குக் காற்று பிடிக்கும் கம்ப்ரஸரின் தலைக்கும் இன்ஜின் கூலன்ட்தான் சுற்றுகிறதாம். அங்கே கேஸ்கெட் அரித்துவிட்டால், காற்று ஏறும்போதெல்லாம் 8 பார் அழுத்தத்தில் கூலன்டுக்குள் புகுந்து டேங்க் மூடி வழியாகத் துப்பவைக்கும். ரோட்டுக் காற்றில் அது காய்ந்துவிடும். வண்டி நின்றபிறகு கூலன்ட் எதிர்ப்பக்கமாகக் கம்ப்ரஸருக்குள் கசிந்து, காலையில் ஏர் டேங்க் வரைக்கும் போய்ச் சேரும்.

ஏர் டேங்க் என்றதும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது. தினமும் காலையில் அதில் சேரும் தண்ணீரைத் திறந்துவிடுவது கிளீனர் பையன் வேலை. பொங்கலுக்கு முன்னாலேயே வந்து, "அண்ணே, ஏர் டேங்க் தண்ணி பச்சையா வருது" என்று சொன்னான். "வயலுக்குள்ளயே ஓடுற வண்டி, பச்சையாத்தான் வரும்" என்று நான்தான் சொல்லி அனுப்பினேன்.

கம்ப்ரஸர் ஹெட்டைக் கழற்றி, தளத்தைச் சமப்படுத்தி, புது கேஸ்கெட் போட ஒரு மத்தியானம் போனது. கேஸ்கெட் விலை அம்மா கட்டிய எலுமிச்சம்பழக் கணக்கைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

பையனுக்கு பிரியாணி வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டான், ஆனால் முகம் தெளியவில்லை. மூன்றாம் நாள் காலையில் டேங்கைப் பார்த்தேன். நான் போட்ட கோட்டை அழித்துவிட்டு, ஆறிய மட்டத்தில் புதுக்கோடு இழுத்திருந்தான். தண்ணீர் சரியாக அதில் நின்றது. பக்கத்தில் மார்க்கரில் எழுதியிருந்தது: 120 அடி.